ஒரே வீட்டில் இரண்டு கணக்கு: 2025 அமெரிக்க வரி உயர்வும் ஒரு திருப்பூர்த் தம்பதியும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

இந்தத் தம்பதிக்குச் சொந்த ஊர் மதுரை மாவட்டத்தின் மேற்குப் பக்கம். கணவருக்கு 41 வயது, மனைவிக்கு 36. 2010-ல் திருப்பூர் வந்தவர்கள். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு.

கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அங்கே பெரும்பாலும் ஜெர்மனி, நெதர்லாந்து ஆர்டர்கள்தான் ஓடும். மனைவி வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டைலர். அவர் தைப்பது குழந்தைகளுக்கான இரவு உடுப்பு. அது மொத்தமும் ஒரே ஒரு அமெரிக்கக் கடைக் குழுமத்துக்குப் போகிறது. இருவருமே கம்பெனி ஆட்கள், அதாவது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு. மனைவிக்கு அந்தக் கம்பெனியில் ஆறு வருட சர்வீஸ்.

2025 ஆகஸ்டில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியப் பொருட்கள்மீது அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சேர்ந்து, மொத்தம் 50 ஆனது. அதே சமயம் வங்கதேசம், வியட்நாம், இலங்கைக்கு 20 சதவீதம்தான். பாகிஸ்தான், இந்தோனேசியா, கம்போடியாவுக்கு 19. பனியன் வியாபாரத்தில் ஒரு பீசுக்கு இரண்டு மூன்று ரூபாய் வித்தியாசத்துக்கே ஆர்டர் கைமாறும். அப்படிப்பட்ட தொழிலில் 30 புள்ளி வித்தியாசம் என்றால் என்ன என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதல் சந்திப்பு: ஆகஸ்ட் கடைசி வாரம்

எங்கள் தொழிலாளர் உதவி மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பி.எஃப். சிக்கலோடுதான் வருவார்கள். இவர்களும் அப்படித்தான். கணவரின் ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் இன்னொரு மாதிரி. அதைச் சரிசெய்து பணத்தை எடுக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டதும்தான் விஷயம் வந்தது. ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையை எடுத்து நடத்த உறவினர் ஒருவருக்கு 50,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இவரு டிவியப் பாத்துட்டுப் பேசுறாரு சார். எங்க கம்பெனில நைட்டு பத்து வரைக்கும் ஓட்டுறாங்க. வேலை இல்லாமயா ஓட்டுவாங்க?" என்றார்.

வழக்கமாகப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருப்போம். ஒரே வீட்டில், ஒரே செய்தியைக் கேட்ட இரண்டு பேர் இப்படி எதிரெதிராக நின்றதால்தான் உட்கார வைத்துப் பேசினோம்.

இருவரிடமும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேட்டோம். பொங்கலுக்குள் உங்கள் வேலை போக, பத்துக்கு எத்தனை வாய்ப்பு? போனால், ஒரு மாதத்துக்குள் இதே மாதிரி சம்பளத்தில் வேறு வேலை கிடைக்க, பத்துக்கு எத்தனை? கணவர் சொன்னது எட்டும் இரண்டும். மனைவி முதலாவதற்கு ஒன்று என்றார். இரண்டாவதை அவர் அதுவரை யோசித்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டைலருக்கு வேலையா இல்ல, ஒம்போது போடுங்க" என்றார்.

இந்த இரண்டு கேள்வியும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கி 2013 முதல் மாதந்தோறும் நடத்தும் நுகர்வோர் எதிர்பார்ப்புக் கணக்கெடுப்பில் இவை இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். அடுத்த 12 மாதத்தில் வேலை போகும் வாய்ப்பு ஒன்று, போனால் 3 மாதத்தில் வேறு கிடைக்கும் வாய்ப்பு இன்னொன்று. அதே 2025 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் முதலாவதற்குச் சொன்ன சராசரி 14.5 சதவீதம். அதில் பெரிய மாற்றமில்லை. இரண்டாவது மட்டும் 44.9 சதவீதத்துக்கு இறங்கியது. கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. அதாவது வேலையில் இருப்பவர் இருக்கிற இடத்தில் இருந்துகொள்ளலாம் என்று நினைக்கிறார், வெளியே விழுந்தால் எழுவது கஷ்டம் என்றும் நினைக்கிறார். இரண்டையும் கலந்து "நிலைமை எப்படி?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் இது தெரியவே தெரியாது. (அந்த இரவு உடுப்பை வாங்க வேண்டியவர்களும் இந்த அமெரிக்கர்கள்தான் என்பது தனிக் கதை.)

நம் ரிசர்வ் வங்கியும் நுகர்வோர் நம்பிக்கைக் கணக்கெடுப்பில் வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கிறது. ஒரு வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது எப்படி, இன்னும் ஒரு வருடத்தில் எப்படி இருக்கும் என்று. பல வருடங்களாக இன்றைய நிலையைக் காட்டும் குறியீடு 100-க்குக் கீழே, அதாவது மோசம் என்ற பக்கத்தில் கிடக்கிறது. வருங்காலக் குறியீடோ, கொரோனாவின் மோசமான கட்டம் போன்ற நேரங்களைத் தவிர, 100-க்கு மேலேயே நிற்கிறது. இன்று சரியில்லை, அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம். மனைவியின் பேச்சில் அது அப்படியே இருந்தது.

யார் எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்

கணவருக்குப் பயம் வந்தது செய்தியால் மட்டும் இல்லை. திருப்பூர் வந்த புதிதில் அவர் சேர்ந்தது ஒரு சாயப்பட்டறையில். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. வெள்ளிக்கிழமை இருந்த வேலை சனிக்கிழமை இல்லை. ஊருக்குத் திரும்பி, எட்டு மாதம் கிடைத்த கூலிக்குப் போய், கைக்குழந்தையோடு கஷ்டப்பட்டிருக்கிறார். அதனால் அவர் மனதில் வேலை போவது என்றால் அப்படித்தான், ஒரே நாளில், ஊருக்கே சேர்த்துப் போவது.

மனைவி அனுபவம் வேறு. 2020 ஊரடங்கில் கம்பெனி மூடியது. மாஸ்க் தைக்க ஆள் வேண்டும் என்று முதலில் கூப்பிட்டவர்களில் இவரும் ஒருவர். கெட்ட காலம் வந்தாலும் சூப்பர்வைசர் போன் பண்ணுவார் என்பது அவர் கற்றுக்கொண்ட பாடம்.

ஆளுக்கொரு நெருக்கடியைப் பார்த்திருந்தார்கள். அடுத்தது அதே உருவத்தில் வரும் என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிகள். மனைவியின் கம்பெனியில் ஆகஸ்ட் முழுவதும் ஒன்றரை ஷிப்ட், சில நாள் அதற்கும் மேல். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்குள் அமெரிக்காவில் இறங்கிச் சுங்கத்தில் கணக்கான சரக்குக்கு அந்தக் கூடுதல் 25 சதவீதம் கிடையாது என்று விலக்கு இருந்தது. தூத்துக்குடியில் ஏற்றினால் அமெரிக்கா சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் இருக்கிற ஆர்டரையெல்லாம் இழுத்துப் பிடித்துத் தைத்து, கடைசி லாட்டுகளை விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓவர்டைம் கணக்கை முடிக்க ஓடிய ஓட்டம். மனைவி அதை வேலை பெருகியதாக எடுத்துக்கொண்டார்.

கணவர் பக்கம் இதற்கு நேர் எதிர். அவர் கம்பெனியில் ஆகஸ்டும் செப்டம்பரும் வருடா வருடம் மந்தம்தான். குளிர்கால சரக்கு போய் முடிந்திருக்கும், கோடைகால ஆர்டருக்குத் துணி வந்திருக்காது. கட்டிங் டேபிள் நான்கில் இரண்டு சும்மா கிடக்கும். போன வருடமும் அப்படித்தானே என்று கேட்டதற்கு, ஆமாம் என்றார். ஆனால் போன வருடம் டிவியில் ஒன்றும் சொல்லவில்லையே. அதே காலி டேபிள் இந்த வருடம் சாவு மணியாகத் தெரிந்தது.

ஆபத்தில் இருந்தது மனைவியின் வேலை, பயந்தது கணவர். இந்த வழக்கை எழுதி வைக்கக் காரணமே இதுதான்.

ஒரு பனியன் ஆர்டர் எப்படி நகர்கிறது என்று காகிதத்தில் போட்டுக் காட்டினோம். முதலில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பேசி நடத்துபவர்), மாதிரி தைக்கும் சாம்பிள் செக்‌ஷன். பையர் (சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) சாம்பிளை ஒப்புக்கொண்டால் நூல், நிட்டிங், டையிங். அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஆர்டர் உறுதியாகி சரக்கு போக மூன்று நான்கு மாதம் ஆகும். ஆகவே ஆர்டர் நின்றால் சாம்பிள் செக்‌ஷன் அந்த வாரமே காலியாகும். தையல் லைனுக்கு அது தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பேக்கிங்கில் இருப்பவர் கடைசி பெட்டியை ஒட்டும்வரை வேலை அமோகம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

"உங்க கம்பெனி சாம்பிள் டைலர் யாரு, என்ன பண்றாங்க?" என்று மனைவியிடம் கேட்டோம். யோசித்தார். சாம்பிள் டைலர் அக்கா இரண்டு வாரமாகத் தங்கள் லைனில் வந்து உட்கார்ந்து காலர் பட்டி அடிக்கிறார் என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் அமைதியானார். சாம்பிள் டைலர் கம்பெனியிலேயே கைதேர்ந்த ஆள். அவரை லைனில் உட்கார வைத்தால், புது ஸ்டைல் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம்.

கணவரிடமும் அதையே கேட்டோம். அவர் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் லைட் அணையவில்லை. மூன்று புது ஸ்டைலுக்குப் பேட்டர்ன் வெட்டிக் கொடுத்திருப்பதாக அவரே சொன்னார். அதை அவர் ஒரு அறிகுறியாகக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

பேச்சு முடிந்து மறுபடி எண் கேட்டோம். கணவர் எட்டை ஐந்தாக்கினார். எங்கள் கணிப்பில் அதுவும் அதிகம்தான். மனைவி ஒன்றை நாலாக்கினார். இரண்டாவது கேள்விக்குச் சொன்ன ஒன்பதை மட்டும் அவர் விடவில்லை.

எடுத்த முடிவுகளும் அதற்கான காரணமும்

தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முன் இருவருமே வேலையை விடுவதில்லை என்பது முதல் முடிவு. காரணம் போனஸ். பாதியில் விலகிப் போனவர் அதை வாங்க எவ்வளவு நடக்க வேண்டும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பி.எஃப். விஷயத்தில் பெயரைத் திருத்த மட்டும் விண்ணப்பித்தோம், பணத்தை எடுக்கவில்லை. கணவர் ராஜினாமா செய்துவிட்டுப் பணத்தை எடுக்க நினைத்திருந்தார். தானாக விலகுவதற்கும் கம்பெனி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே நிறையப் பேர் பார்ப்பதில்லை. இ.எஸ்.ஐ.யில் 2018 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. வேலை இழந்தவருக்குச் சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். தானாக விட்டுப் போனவருக்கு அது கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீடும் அப்படித்தான். பயத்தில் முந்திக்கொண்டு எழுதிக் கொடுக்கும் ராஜினாமா கடிதம் இந்த இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது, மகளிர் குழுக் கடனில் அடுத்த சுற்று எடுப்பதில்லை. மனைவி 60,000 எடுத்து வீட்டுக்கு பிரிட்ஜ், மகளுக்கு டியூஷன் என்று வைத்திருந்தார். ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தை வைத்துத்தான் வாரத் தவணையைக் கணக்குப் போட்டிருந்தார். ஷிப்டுக்கு 500 ரூபாய். ஒன்றரை ஷிப்ட், ஆறு நாள் என்றால் சனிக்கிழமை கையில் 4,500. ஒரு ஷிப்டாகக் குறைந்தால் 3,000. வாரம் நாலு நாள் என்றால் 2,000. இந்த மூன்று எண்ணையும் வரிசையாக எழுதிக் காட்டியபோது பேசாமல் பார்த்தார். கடன் வேண்டாம் என்று சொன்னது அவர்தான்.

நாலாவது யோசனை எங்களுடையது, நடக்கவில்லை. ஓவர்டைம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஐரோப்பா ஆர்டர் தைக்கும் வேறு கம்பெனியில் டெஸ்ட் பீஸ் தைத்துக் காட்டிவிட்டு வரச் சொன்னோம். எல்லோரும் வேலை தேட ஆரம்பித்த பிறகு போனால் விலை இருக்காது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது, சூப்பர்வைசர் அண்ணன் நல்லவர், ஆறு வருடப் பழக்கம் என்று பல காரணம் சொன்னார். இதையெல்லாம் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருக்கும்போது இரவு எட்டரைக்கு வேனில் வாசலில் இறங்குவதற்கும், பஸ்ஸுக்கு நின்று ஒன்பதரைக்கு வருவதற்கும் உள்ள வித்தியாசம் சம்பளச் சீட்டில் வராது.

ஐந்தாவது, டீக்கடை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்க கணவர் தயங்கினார். உறவு. தை வரை தள்ளிப்போடச் சொல்லிப் பேசுவதாக மட்டும் முடிவானது.

செப்டம்பர் முதல் தீபாவளி வரை

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மனைவியின் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. மூன்றாம் வாரத்தில் இரண்டு லைனை ஒன்றாக்கினார்கள். வரியில் ஒரு பங்கைக் கம்பெனி தாங்கினால் பழைய ஆர்டரில் மிச்சத்தை எடுத்துக்கொள்வதாக பையர் சொன்னாராம், கம்பெனியும் தள்ளுபடி கொடுத்து ஓட்டியது. இது லைனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதலாளி நம்மை விடமாட்டார் என்பதற்கு இதைத்தான் அத்தாட்சியாகச் சொன்னார்கள். நட்டத்தில் ஓட்டுவது எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்கள் குறைவு.

அக்டோபரில் இன்னொரு அறிகுறி கிளம்பியது. ஸ்டேஷனில் கூட்டம். "இந்திக்காரங்க எல்லாம் மூட்டையக் கட்டிட்டாங்க, இனி திருப்பூர் அவ்வளவுதான்" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றியது. கணவர் அதை எங்களுக்கும் அனுப்பினார். தீபாவளிக்கும், அதையொட்டி வரும் சத் பூஜைக்கும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் வருடா வருடம் போகிறவர்கள்தான். 2025-ல் நவம்பர் 6, 11 தேதிகளில் பீகார் தேர்தலும் இருந்தது, ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பலாம் என்று பலர் கூடுதலாக இரண்டு வாரம் தங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் வேலை போய்க் கிளம்பியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு படத்தை வைத்து யார் எதற்குப் போகிறார் என்று சொல்ல முடியாது. கணவர் எண்ணை மறுபடி ஏழாக்கிவிட்டார். அந்த வாரம் அவர் கம்பெனியில் கோடைகால ஆர்டருக்கு முதல் துணி லாட் இறங்கியிருந்தது.

அக்டோபர் 13 அன்று பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு பணம் எடுக்கும் விதிகளை மாற்ற முடிவு செய்தது. வேலை போனால் 75 சதவீதம் உடனே எடுக்கலாம், முழுப் பணத்துக்கு முன்பு இருந்த 2 மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று செய்தி வந்தது. "நம்ம பணத்த ஒரு வருஷம் பூட்டிட்டாங்க" என்று மையத்துக்கு ஒரே போன். இந்தக் கணவரும் கூப்பிட்டார். 75 சதவீதம் என்ற பகுதி அவர் காதில் விழவே இல்லை.

போனஸ் இருவருக்கும் வந்தது.

தீபாவளிக்குப் பின்

வழக்கமாக ஒரு வாரம், பத்து நாளில் திறக்கும் கம்பெனி மனைவிக்கு மெசேஜ் போடவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் போன் வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களைக் கூப்பிடவில்லை. கம்பெனி ஆட்களுக்கு வாரம் நாலு நாள், ஒரு ஷிப்ட். ஆகஸ்டில் காகிதத்தில் எழுதிய மூன்றாவது எண் அதுதான்.

இந்த இடத்தில் அவர் மனநிலை ஒரேயடியாகப் புரண்டது. ஆகஸ்டில் ஒன்று சொன்னவர் இப்போது ஒன்பது சொன்னார். அதைவிடக் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். "எவன் குடுப்பான்?" என்று சொல்லி இரண்டு ஆக்கிவிட்டார். அதற்குள் அவர் எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்திருக்கவில்லை. வேலை போகும் என்ற பயம், வேறு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த மனநிலையில்தான் ஆட்கள் முதலில் வருகிற எந்த வேலையையும் எந்தக் கூலிக்கும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தேட ஆரம்பித்ததும் மூன்று இடம் அகப்பட்டது. கணவரின் கம்பெனியிலேயே, கான்ட்ராக்டர் மூலம் பீஸ் ரேட்டில், பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டினால் வாரம் 4,000 வரை பார்க்கலாம், ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. காதர்பேட்டை வியாபாரிகளுக்கு உள்நாட்டு டி-சர்ட் தைக்கும் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்கு 460, ஆறு நாள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, வேன் இல்லை. பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் 510 என்றார்கள், டெஸ்ட் பீஸ் தைத்துவிட்டு வந்த பிறகு கூப்பிடவே இல்லை. அங்கே அன்று வாசலில் அவரைப் போல நாற்பது ஐம்பது டைலர்கள் நின்றதாகச் சொன்னார்.

கணவர் முதலாவதை எடுக்கச் சொன்னார், ஒரே கம்பெனிக்கு ஒரே வண்டியில் போகலாம் என்று. மனைவி இரண்டாவதை எடுத்தார். மனைவியின் அம்மாவுக்கு டயாலிசிஸ் இ.எஸ்.ஐ.யில்தான் நடக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கார்டு மனைவியின் பெயரில் போட்டது. கணவரின் கார்டில் மாமியாரைச் சேர்க்க முடியாது. இ.எஸ்.ஐ. இல்லாத வேலைக்குப் போய்ச் சிகிச்சை தடைபட்டால்? அவர் கணக்கு சரி.

விளைவு: பொங்கல் வரை

ஜனவரியில் நிலைமை இதுதான். மனைவிக்கு ஒரு ஷிப்ட், ஆறு நாள், வாரம் 2,760. ஓவர்டைம் இருந்த காலத்தைவிட 1,740 குறைவு. பழைய கம்பெனியில் நாலு நாளில் கிடைத்திருக்கக்கூடியதைவிட 760 அதிகம். புது இடத்துக்குப் போய்வர பஸ். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு கூடவில்லை, நேரம்தான் கூடியது. கணவருக்கு நவம்பரிலிருந்து ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, நாலு டேபிளும் ஓடுகின்றன. அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. டீக்கடை முன்பணத்தில் பாதி வந்தது. மீதியைச் சித்திரையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் அதை எதிர்பார்க்கவில்லை. குழுக் கடனை எடுக்காததால் வாரத் தவணை இல்லை, அதுதான் டிசம்பரை ஓட்டியது.

மகளின் பள்ளியை மாற்றவில்லை. ஆகஸ்டில் கணவர் போட்ட திட்டப்படி போயிருந்தால், பொதுத் தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது பள்ளி மாறியிருக்கும்.

மனைவியின் பழைய கம்பெனி ஜனவரியிலும் நாலு நாள்தான் ஓடியது. அங்கேயே காத்திருந்த சாம்பிள் டைலர் அக்காவுக்கு டிசம்பரில் புது ஸ்டைல்கள் வந்ததாம், வேறொரு நாட்டு பையருக்கு. அது ஆர்டராக உறுதியானால் மார்ச், ஏப்ரலில் தையல் லைனுக்கு வரும். மனைவி இப்போது அவருக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறார்.

எதை மாற்றுவோம்

வேலை பற்றி வருகிறவர்களிடம் இப்போது எடுத்த எடுப்பில் சில கேள்விகள் கேட்கிறோம். நீங்கள் தைக்கும் லேபிள் எந்த நாட்டுக்கு? கம்பெனியில் எத்தனை பையர்? சாம்பிள் செக்‌ஷனில் என்ன நடக்கிறது? போன வருடம் இதே மாதம் எப்படி இருந்தது? கடைசிக் கேள்வி மிக எளியது, அதற்குத்தான் பதில் வர நேரமாகிறது. ஒரு வருடத்துக்கு முன் எத்தனை ஷிப்ட் ஓடியது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. சம்பளச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருப்பவர்களிடம் மட்டும் பதில் உண்டு.

பத்துக்கு எத்தனை என்ற எண்ணைத் தேதி போட்டு அவர்கள் கையாலேயே எழுத வைக்கிறோம். நவம்பரில் மனைவி, "நான் அப்பவே நாலுன்னுதானே சொன்னேன்" என்றார். முதலில் சொன்ன ஒன்று அவர் நினைவில் இல்லை. காகிதம் இல்லாவிட்டால் எல்லோருமே முன்னாலேயே கணித்தவர்கள்தான்.

இ.எஸ்.ஐ. கார்டில் யார் யார் சிகிச்சை எடுக்கிறார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். வேலையை மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவில் சம்பளத்தைவிட அது பெரிதாக இருக்கலாம், இந்த வீட்டில் இருந்தது.

டெஸ்ட் பீஸ் யோசனையை நாங்கள் விடவில்லை, சொல்லும் முறையை மாற்றியிருக்கிறோம். "வேலை தேடுங்க" என்றால் இருக்கிற முதலாளிக்குத் துரோகம் போலப் படுகிறது. "உங்க கைக்கு இப்ப வெளியில என்ன ரேட்டுன்னு பாத்துட்டு மட்டும் வாங்க" என்றால் போய்வருகிறார்கள். வேன் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வீட்டில் விடும் என்பதையும் அதே நடையில் விசாரித்துவரச் சொல்கிறோம்.

கட்டிங், பேட்டர்ன் வேலையில் இருப்பவர்களை அவர்கள் பயத்திலிருந்து வெளியே எடுக்க என்ன வழி என்பதில் இன்னும் தெளிவு இல்லை. இந்தக் கணவரின் எண் பொங்கலன்றும் ஆறில்தான் நின்றது, நாலு டேபிள் ஓடியும்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. பழைய கம்பெனியில் ஆறு வருடம் முடித்து விலகியதால் மனைவிக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. ஐந்து வருடம் தாண்டினால் தானாக விலகியவருக்கும் அது சேரும், வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கு. நவம்பர் கடைசியில் விண்ணப்பம் கொடுத்தோம். கொடுக்க வேண்டிய 30 நாள் கெடு தாண்டிவிட்டது, ஷிப்மென்ட் பணம் வந்ததும் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. பிப்ரவரிக்குள் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுப்பதாக இருக்கிறோம்.